இந்திரனுடைய அச்சம்

நமது புராணங்களில் வரும் தேவர்களுள் மிகுந்த அச்சம் உடையவன் யார் என்று ஒருவர் கேட்டால், சிறிதும் தயங்காமல் தேவர்களுக்கெல்லாம் அரசனாகிய இந்திரனையே சொல்லலாம். வச்சிராயுதம் அவன் கையில் இருக்கிறது. ஐராவதம் அவன் வாசலில் நிற்கிறது. கற்பகத் தருவும் காமதேனுவும் அவன் ஏவலை எதிர்நோக்கி இருக்கின்றன. ஆயினும், பூலோகத்தில் எங்கேனும் ஒரு முனிவர் கண்ணை மூடித் தவத்தில் அமர்ந்தால் அமராவதியில் இவனுக்கு உறக்கம் போய்விடுகிறது. எங்கேனும் ஓர் அரசன் நூறாவது அசுவமேதத்துக்குக் குதிரையை அவிழ்த்துவிட்டால், அந்தக் குதிரையைக் களவாடிக்கொண்டு போகவும் இவன் கூசுவதில்லை. தவம் செய்பவர் தன்னுடைய பதவியை நாடித்தான் தவம் செய்கிறாரா, அன்றி அதனினும் பெரிதாகிய வேறொன்றை நாடுகிறாரா என்று விசாரிக்கும் பொறுமைகூட அவனுக்கு இல்லை. மேனகையை அனுப்புகிறான், ரம்பையை அனுப்புகிறான், அவர்களால் ஆகாதபோது தானே மாறுவேடம் பூண்டு புறப்படுகிறான்.

இவற்றைப் பௌராணிகர்கள் பொழுதுபோக்குக்காகக் கட்டிய கதைகள் என்று சிலர் தள்ளிவிடுவர். எனக்கு அவ்விதம் தோன்றவில்லை. ஒரு ஸ்தானத்தை வகிப்பவனுடைய மனம் எவ்வாறு இயங்குகிறது, அந்த ஸ்தானம் பறிபோய்விடுமோ என்னும் கவலை அவனை எந்தெந்தக் காரியங்களுக்கு இட்டுச் செல்கிறது என்பதை நம் முன்னோர் மிகுந்த கருத்தோடு ஆராய்ந்து, அந்த ஆராய்ச்சியின் முடிவையே கதையாக நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

சாஸ்திரங்களின்படி இந்திரன் என்பவன் என்றும் நிலைத்திருக்கும் ஒருவன் அல்லன். மன்வந்தரந்தோறும் ஓர் இந்திரன் வருகிறான். புண்ணியம் தீர்ந்ததும் இறங்கிப் போகிறான். வாமனனுக்கு மூன்றடி மண்ணைத் தாரை வார்த்துத் தன் உலகம் முழுவதையும் இழந்த மகாபலியே அடுத்த மன்வந்தரத்து இந்திரன் என்பதுகூட முன்னரே நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. சாரிசாரியாய்ச் செல்லும் எறும்புகளைக் காட்டி, இவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் இந்திரனாய் இருந்தவையே என்று ஒரு பாலகன் தேவராஜனுக்கு உரைத்த கதை பிரம்மவைவர்த்த புராணத்தில் வருகிறது. ஆகவே அவனுடைய அச்சத்துக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு: தான் அமர்ந்திருக்கும் ஆசனம் தன்னுடையது அன்று என்பதை அவன் நன்கு அறிவான். அறிந்தும், அதைத் தன்னுடையதாகவே வைத்துக்கொள்ள விரும்புகிறான். இந்த அறிவுக்கும் விருப்பத்துக்கும் இடையே உள்ள பிளவில்தான் அச்சம் குடிகொள்கிறது.

தனக்குக் கிடைத்த இடத்தைப் போட்டிக்கு வருபவரிடமிருந்து காத்துக்கொள்வது தர்மமா, அல்லது ஆணவ மலத்தின் ஒரு கிளையா என்பது, ஆதலால், அமராவதியோடு முடிந்துவிடும் கேள்வி அன்று. பேராக் மாநிலத்தில், ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் முன்னாள் தோட்டங்கள் இருந்த இடங்களிலும் வாழ்கின்ற நமக்கு, அது நம்முடைய கோயில் வாசலிலேயே நின்று விடை கேட்கின்ற கேள்வி.

மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் சல்லியன் யுதிஷ்டிரனுக்கு ஒரு வரலாறு கூறுகிறான். துவஷ்டா என்னும் பிரஜாபதிக்குத் திரிசிரஸ் என்று மூன்று தலைகளையுடைய ஒரு மகன் இருந்தான். அவன் இந்திரனுடைய ஸ்தானத்தை விரும்பியது உண்மைதான். ஆனால் அதற்காக அவன் ஆயுதம் எடுக்கவில்லை, சேனை திரட்டவில்லை. கடுந்தவம் ஒன்றையே செய்துகொண்டிருந்தான். அப்சரசுகளை ஏவியும் அவன் மனம் கலங்காமையால் இந்திரன் வச்சிரத்தை வீசி அவனைக் கொன்றான்; கொன்ற பின்னும் அந்த உடலின் ஒளி குன்றாமையைக் கண்டு அஞ்சி, அவ்வழியே வந்த ஒரு தச்சனைக் கொண்டு மூன்று தலைகளையும் வெட்டுவித்தான். அதன்பின் நிம்மதியாக வீடு திரும்பினான் என்று பாரதம் சொல்கிறது. அந்த நிம்மதி நீடிக்கவில்லை. மகனை இழந்த துவஷ்டா வேள்வித் தீயிலிருந்து விருத்திரனை எழுப்பினான். திரிசிரஸ் போட்டியாளன் மட்டுமே. விருத்திரனோ இந்திரனைக் கொல்வதற்கென்றே பிறந்த பகைவன். ஒரு போட்டியாளனை ஒழிக்கப்போய் ஒரு பகைவனைத் தேவராஜன் தானே உண்டாக்கிக்கொண்டான்.

விருத்திரனோடு சமாதானம் பேசிச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு, அந்தச் சத்தியத்தின் சொற்களுக்கு ஊடே ஒரு வழி கண்டு, அந்தி வேளையில் கடற்கரையில் நுரையைக் கொண்டு அவனையும் இந்திரன் மாய்த்தான். எல்லாப் போட்டியும் தீர்ந்தது. ஆனால் கொலைப்பழியும் பொய்ப்பழியும் தொடர்ந்து துரத்த, சிங்காதனத்தில் அமர வலிமையற்றவனாய், உலகத்தின் எல்லையில் ஒரு பொய்கையில் தாமரைத் தண்டுக்குள் நுழைந்து ஒளிந்துகொண்டான். அரசனில்லாத தேவர்கள் என் செய்வார்கள்? பூலோகத்துக்கு வந்து நகுஷன் என்னும் அரசனை வேண்டி அழைத்துப்போய் இந்திரனாக்கினார்கள். இதற்கு முன் நகுஷனுக்கு அந்தப் பதவியின்மேல் ஒரு கண்ணும் இருந்ததாகத் தெரியவில்லை. இவனைப் போட்டியாளனாகக் கருதி இந்திரன் அஞ்சியதும் இல்லை. காவலன் யாரையெல்லாம் நோக்கி விழித்திருந்தானோ அவர்களுள் ஒருவரும் அல்லாத மூன்றாம் மனிதன் ஒருவன், அழைப்பின் பேரில் வந்து, ஆசனத்தில் அமர்ந்துவிட்டான்.

பேராக் ராஜ்யத்தின் சரித்திரத்தைப் படித்தவர்களுக்கு இந்த வரலாறு மிகவும் பழகியதாய்த் தோன்றும். 1871ஆம் ஆண்டில் சுல்தான் அலி காலமானபோது, முறைப்படி அடுத்துப் பட்டத்துக்கு வரவேண்டியவர் ராஜா மூடாவாகிய அப்துல்லா. காலமான சுல்தானின் அடக்கத்தின்போது வாரிசு உடனிருக்க வேண்டும் என்பது அந்நாட்டின் வழக்கம். அப்துல்லாவோ அதற்கு வந்து சேரவில்லை. தலைவர்கள் கூடிப் பெண்டஹாராவாகிய இஸ்மாயிலைச் சுல்தானாக்கினார்கள். ராஜா யூசோப் என்று மூன்றாவது ஒருவரும் இருந்தார்; அரச வம்சத்தில் பிறந்தும் விலக்கி வைக்கப்பட்டவர். இஸ்மாயில் அரச சின்னங்களை விடாது பற்றிக்கொண்டு ஆற்றின் மேல்பகுதியில் இருந்தார். அப்துல்லா பட்டத்துக்கு உரியவர் தாமே என்று கீழ்ப்பகுதியில் இருந்தார். அதே காலத்தில் லாரூட்டின் ஈயவயல்களில் கீ ஹின், ஹாய் சான் என்னும் இரு சீனச் சங்கங்கள் தத்தம் இடத்தைக் காத்துக்கொள்ள ஒன்றையொன்று வெட்டி வீழ்த்திக்கொண்டிருந்தன.

இந்த நிலையில் அப்துல்லா சிங்கப்பூரில் இருந்த ஆங்கிலேய கவர்னருக்குக் கடிதம் எழுதினார். தம்மைச் சுல்தானாக அங்கீகரிக்க வேண்டும் என்றும், ஆட்சி முறையைக் காட்டித்தர ஓர் அதிகாரியை அனுப்பவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். 1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அப்துல்லாவுக்குச் சுல்தான் பட்டம் கிடைத்தது. ஆனால் மலாய்க்காரரின் மதமும் வழக்கமும் நீங்கலாக மற்றெல்லா விஷயங்களிலும் ரெசிடெண்ட் என்னும் ஆங்கில அதிகாரியின் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்கவேண்டும் என்னும் ஷரத்தும் அதனோடு வந்தது. முதல் ரெசிடெண்டாக வந்த பர்ச், 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசீர் சாலாக்கில் கொல்லப்பட்டார். ஆங்கிலப் படைகள் வந்தன. அப்துல்லா சேஷெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். இஸ்மாயில் ஜொகூருக்கு அனுப்பப்பட்டார். அதுவரை ஒருவரும் பொருட்படுத்தாத யூசோப் அரசப் பிரதிநிதியாகவும் பின்னர் சுல்தானாகவும் அமர்த்தப்பட்டார். ஆட்சியோ ரெசிடெண்டின் கைக்குப் போயிற்று. அப்துல்லாவையோ இஸ்மாயிலையோ குறைகூறுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. இருவருக்கும் தத்தம் நியாயம் இருந்தது. தன் உரிமையைத் தான் காக்கவேண்டும் என்று இருவரும் மனப்பூர்வமாக நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் உறுதியே மூன்றாம் மனிதனுக்கு வாசலைத் திறந்துவிட்டது என்பதுதான் இங்கே கருதத்தக்கது.

அப்துல்லா கடல் கடந்து அனுப்பப்பட்ட அதே 1877ஆம் ஆண்டில்தான், ரெசிடெண்ட் ஹியூ லோவின் கோலகங்சார் தோட்டத்தில் பிரேசில் வித்திலிருந்து முளைத்த 9 ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் அவ்வூரில் நிற்கிறது. நம்முடைய பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்ததன் காரணம் அந்தக் கன்றுகளின் சந்ததிதான். ரப்பரில் தமக்கிருந்த முதலிடத்தைக் காத்துக்கொள்ள, 1922இல் ஆங்கிலேயர் ஸ்டீவன்சன் திட்டம் என்று ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும், அதில் சேராத டச்சுத் தீவுகளின் சிறுதோட்டக்காரர்கள் மேலும் மேலும் மரம் நட்டு அந்த இடத்தையே பங்கிட்டுக்கொண்டதும், ஃபயர்ஸ்டோன் லைபீரியாவுக்கும் ஃபோர்ட் பிரேசிலுக்கும் தோட்டம் போடப் போனதும், 1928இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டதும் வேறொரு பெரிய கதை. அவ்வளவு பெரிய வர்த்தக சாம்ராஜ்யத்துக்கும் இந்திரனுடைய அனுபவமே வாய்த்தது என்பதற்கு மேல் அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

தோட்டத்துக்குள்ளேயே வருவோம். அங்கே துரைக்கும் கிராணிக்கும் கீழே, லயத்துக்கு நேர் மேலே, கங்காணியின் இடம் இருந்தது. தன் ஊரிலிருந்து தானே ஆள் திரட்டி வந்தவன்; தன் கீழ் வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு பெற்றவன். ஆள் குறைந்தால் காசும் குறையும், மதிப்பும் குறையும். ஆகவே இன்னொரு கங்காணி தன் ஆட்களை வேறு தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடக்கூடாதே என்பது அவனுடைய ஓயாத கவலை. கடனைக் கொடுத்துக் கட்டினான். உறவைச் சொல்லிக் கட்டினான். சாதியைச் சொல்லிக் கட்டினான். 1938இல் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்தியபோது அந்த முறையின் ஆணிவேரே அறுந்துபோயிற்று. கங்காணிகள் ஒருவரையொருவர் கண்காணித்த அத்தனை ஆண்டுகளிலும், அந்த இடமே ஒரு நாள் இல்லாமற்போகும் என்பதை எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்!

தோட்டத்தில் மாரியம்மன் கோயில் எழுந்ததும் பெரும்பாலும் இந்தப் பெரிய கங்காணியின் தலைமையில்தான். திருவிழாவில் முதல் மரியாதை அவருக்கு. பரிவட்டம் அவர் தலையில். தேங்காய்மூடி முதலில் அவர் கையில். பிறகு கங்காணி காலம் போய், நிர்வாகக் குழு வந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகள் வந்தன. மரியாதையோ அப்படியே இருந்தது, அதற்கான போட்டியும் இருந்தது. இந்தப் போட்டியைப் படித்தவர்கள் சிலர் ஏளனமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். அந்த ஏளனத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் நின்று, பெயரால் அழைக்கப்படாமல் கணக்கால் அழைக்கப்பட்டு, பால் மரத்துக்கும் மருந்துக்கொட்டகைக்கும் இடையே ஆயுளைக் கழித்த ஒரு மனிதனுக்கு, தான் ஒரு மனிதன் என்று நாலு பேர் முன்னிலையில் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே இடம் அந்தக் கோயில்வாசல்தான். அந்த ஒரு முழம் பட்டுத்துணிக்காக அவன் மல்லுக்கு நின்றான் என்றால், அவனுக்கு மறுக்கப்பட்ட மற்றெல்லாவற்றுக்குமாகவே அங்கே நின்றான். இதை உணராதவர் அந்தப் போட்டியைக் கண்டிக்கும் தகுதியைப் பெறவில்லை.

ஆயினும் அந்தப் போட்டியால் விளைந்தது என்ன என்பதையும் மறைக்கக்கூடாது. 1950களின் பிற்பகுதியில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கலாயின; வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுதுண்டாக்கி மறுபடியும் விற்றார்கள்; பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயங்கள் காலியாயின. கோயில் நின்ற மண் முதலாளியின் மண்; பெரும்பாலான கோயில்களுக்குத் தம் பேரில் பட்டா இல்லை. அந்தப் பட்டாவைக் கேட்டு வாங்க வேண்டிய ஆண்டுகளில், ஒரே கோயிலுக்கு இரண்டு கோஷ்டிகள், இரண்டு தலைவர்கள், இரண்டு ரசீதுப் புத்தகங்கள் என்னும் நிலை எத்தனையோ இடங்களில் இருந்தது. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் யார் பெயர் பதிவில் இருக்கவேண்டும் என்று மனுப்போட்டவர்களும், வழக்கறிஞருக்கு உண்டியல் பணத்தைக் கொட்டியவர்களும், அதே மனுக்களில் ஒன்றை நில அலுவலகத்துக்குப் போட்டிருந்தால் என்று நினைக்கும்போது நெஞ்சம் பொறுக்கவில்லை. மண்ணை வாங்கிய மூன்றாம் மனிதன் இரு கோஷ்டிகளில் எதனோடும் பகை பாராட்டவில்லை. நோட்டீஸ் ஒட்டினான், அவ்வளவுதான். அம்மன் வேறிடம் பெயர்ந்தாள், அல்லது பட்டணத்துக் கோயில் ஒன்றின் பிராகாரத்தில் மற்றொரு சந்நிதியானாள்.

சைவ சித்தாந்திகள் ஆணவத்தை இருளோடு ஒப்பிட்டு, இருளினும் அது கொடியது என்பர். இருள் பொருள்களைத்தான் மறைக்கும், தான் இருப்பதை மறைக்காது. ஆணவமோ தன்னையும் சேர்த்து மறைத்துக்கொள்ளும். கோயில் வழக்குகளில் இந்தத் தத்துவத்தை நான் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். என் பதவியைக் காக்கிறேன் என்று எவரும் சொல்வதில்லை. அவன் கையில் கோயில் போனால் கெட்டுவிடும், ஆகவே கோயிலைக் காக்கிறேன் என்றுதான் ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். அவ்வாறே உண்மையாக நம்பவும் செய்கிறார்கள். பொய் சொல்பவனைத் திருத்திவிடலாம். தன்னைக் காப்பதைத் தர்மத்தைக் காப்பதாகவே உணர்கின்றவனிடம் என்ன சொல்வது?

இதற்கு எதிராக ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. நல்லவன் இடத்தைக் காவாமல் விட்டு நீங்கினால் தீயவன் வந்து அமரமாட்டானா? துறந்து போவதே உயர்ந்தது என்றால் உலகம் யார் கையில் நிற்கும்? கீதையின் தொடக்கமே இந்தக் கேள்விதான். போரை விட்டுப் பிச்சை எடுத்து உண்பேன் என்ற அர்ஜுனனுக்குக் கண்ணபிரான் அனுமதி தரவில்லை. மலாயாத் தோட்டங்களில் வைத்தியத் தொண்டு செய்துவந்த குப்புசாமி என்பவர் 1923இல் அந்தப் பதவியை உதறிவிட்டு இந்தியா திரும்பி, ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரானார். அது அவருக்கு வாய்த்த பரிபாகம். எல்லோரும் அவ்வழியே புறப்பட்டால் மருந்துக்கொட்டகையில் ஊசி போட ஆளிராது. ஆகையால் நீங்குவது மட்டுமே தர்மம் என்பதை நான் ஏற்கவில்லை. காவல் வேண்டும். எதற்குக் காவல் என்பதுதான் கேள்வி.

ஒருவன் வேலையைக் காக்கிறானா, வேலையில் தன்னைக் காக்கிறானா என்பதை அறிய ஒரு சோதனை உண்டு: தன்னினும் வல்லவன் ஒருவன் வரும்போது அவன் மனம் மகிழ்கிறதா, சுருங்குகிறதா என்று பார்க்கவேண்டும். வேலையைக் காப்பவனுக்கு வல்லவனுடைய வருகை துணை; தன்னைக் காப்பவனுக்கு அது ஆபத்து. இந்தச் சோதனையில் முழுவதும் தேறியவர்கள் மிகச் சிலரே; நானும் தேறியவன் என்று சொல்லத் துணியேன்.

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்களை இந்த இடத்தில் நினைக்கிறேன். 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த அவருக்குக் கட்சிக்குள் போட்டி இல்லாமல் இல்லை. முடிவில் அந்தப் போட்டியின் நெருக்குதலாலேயே பதவியிலிருந்து விலகினார். பதினெட்டு ஆண்டுக் காலம் யார் யாரை எதிர்த்து, எந்த மாநாட்டில், எத்தனை வாக்கில் அவர் நிலைத்தார் என்பதை இன்று ஆராய்ச்சியாளர் தவிர வேறு யார் நினைக்கிறார்கள்? ஆனால் தோட்டத் துண்டாடலைக் கண்டு, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி கட்டுங்கள், நீங்கள் பால் வெட்டும் மண்ணை நீங்களே வாங்கலாம் என்று தொழிலாளரிடம் அவர் எடுத்துச் சொன்னாரே, அந்தக் காரியம் அவர் பதவி இழந்த பின்னும் நின்றது. 1979இல் அவர் மறைந்த பின்னும் நின்றது. அவரிடம் அரசியல்வாதிக்குரிய பதவிப்பற்று இருந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. அவர் வகித்த இடத்தில் எது காக்கத் தக்கதாயிருந்தது, எது அன்று என்பதைக் காலம் பிரித்துக் காட்டியிருக்கிறது.

இனி, முருகப்பெருமானுடைய வரலாற்றுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். வன பருவத்தில் மார்க்கண்டேயர் கூறும் வரலாற்றின்படி, பிறந்து சில நாட்களே ஆன ஸ்கந்தனைக் கண்டு தேவர்கள் நடுங்கினார்கள். இந்திரனும் தன் வழக்கப்படி அஞ்சி, வழக்கப்படி வச்சிரத்தை வீசினான். அது பட்ட இடத்திலிருந்து விசாகன் என்று மற்றொரு வீரன் தோன்றினான். அடித்தால் போட்டி இரட்டிக்கும் என்பதை அங்கேயும் கண்டான். ஆயுதத்தைத் தாழ்த்தினான். பின்பு ரிஷிகள் ஸ்கந்தனை அணுகி, நீயே இந்திரனாகி மூவுலகையும் காத்தருள வேண்டும் என்று விண்ணப்பித்தார்கள்.

அப்போது முருகன் சொன்ன மறுமொழியை நான் எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு அடங்குவதில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த இந்திரன் உலகங்களுக்கு என்ன செய்கிறான், தேவர்களை எவ்வாறு காக்கிறான் என்று கேட்டான். பதவி கையில் கொடுக்கப்படும் வேளையில் அதன் வேலை என்ன என்று கேட்டவன் அவன் ஒருவனே! ரிஷிகள் சொன்னார்கள்: உயிர்களுக்கு வலிமையும் ஒளியும் மக்கட்பேறும் தருபவன் இந்திரன், தீயோரை ஒறுப்பவன், சூரியன் இல்லாதபோது சூரியனாகவும் சந்திரன் இல்லாதபோது சந்திரனாகவும் இருப்பவன், தேவைக்கேற்ப நெருப்பாகவும் காற்றாகவும் மண்ணாகவும் நீராகவும் ஆகின்றவன். தன் ஆசனத்தின் மேல் கண் வைத்துக் காவல் இருப்பது அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். இத்தனை யுகங்களாய் அவன் செய்துவந்த முக்கியமான வேலையாக நாம் அறிந்திருப்பதோ அது ஒன்றுதான்.

பிறகு இந்திரனே பேசுகிறான். நீ என்னினும் வல்லவன், நீயே இந்திரனாகு, நான் இந்தப் பதவியில் இருந்தால் உலகத்தார் நம் இருவருக்கும் இடையே பிரிவினை உண்டாக்குவார்கள், சிலர் உன் பக்கமும் சிலர் என் பக்கமும் சேர்வார்கள், அதனால் போர் மூளும், அதில் நீ என்னை வெல்வாய், ஆகவே இப்போதே எடுத்துக்கொள் என்கிறான். பகை எப்போதும் இரு தலைவர்களின் உள்ளத்திலேயே தொடங்குவதில்லை, அவர்களைச் சூழ்ந்து நிற்பவர்களின் நாவிலே தொடங்குகிறது என்பதை இந்திரன் இங்கே தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். நம்முடைய ஆலயங்களின் ஆண்டுக்கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முருகனோ, மூவுலகுக்கும் நீயே அரசன். நான் செய்யவேண்டிய பணி யாது, அதைச் சொல் என்றான். தேவசேனாபதியாக அபிஷேகம் செய்யப்பட்டான்.

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்த புராணத்தில் இந்த மனோபாவமே இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. ஆயிரத்தெட்டு அண்டங்களையும் நூற்றெட்டு யுகம் ஆளும் வரம் பெற்ற சூரபன்மன், அந்த ஸ்தானத்தைக் காக்கத் தம்பியரையும் மக்களையும் ஒவ்வொருவராகப் பலி கொடுத்தான். முடிவில் மாமரமாய் நின்றவனை வேல் இரண்டாகப் பிளந்தபோது, அவன் அழிக்கப்படவில்லை. மயிலாகவும் சேவலாகவும் ஆக்கப்பட்டு, ஒரு பாதி பெருமானைத் தாங்குவதற்கும் மறுபாதி அவன் கொடியில் நின்று கூவுவதற்கும் அமர்த்தப்பட்டன. போட்டியாளனைக் கொன்றவன் இந்திரன். பகைவனுக்கும் ஒரு வேலை கொடுத்தவன் முருகன். வென்ற பின்னும் அமராவதியை இந்திரனிடமே திருப்பிக் கொடுத்தான்.

தைப்பூசத்தன்று ஈப்போவில், குனோங் சீரோ மலையடியில் உள்ள கல்லுமலைக் கோயிலை நோக்கிப் புந்தோங் பக்கத்திலிருந்து பால்குடமும் காவடியுமாய் மக்கள் நடந்து வருகிறார்கள். அவர்களுள் பலருடைய பெற்றோர் இன்று பெயர் மட்டுமே மிஞ்சிய தோட்டங்களில் பிறந்தவர்கள். சிங்காதனம் தேடி வந்தபோது அதன் வேலை என்ன என்று கேட்ட தெய்வத்தை இத்தனை பேர் வணங்குகின்ற ஊரில், அவன் கோயிலிலும் அவன் அன்னையின் கோயிலிலும் அந்தக் கேள்வியை நாம் கேளாமல் இருப்பது எனக்குப் பெருந்துயரம் தருகிறது.

கேட்பதற்குச் சட்டம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆண்டுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்கு யார் பெயரையும் முன்மொழியும் முன், அந்தப் பதவிக்குரிய வேலைகளைச் செயலாளர் எழுந்து நின்று ஒவ்வொன்றாக வாசிக்கட்டும். கோயில் நிலத்தின் பட்டா எந்த நிலையில் இருக்கிறது, அதற்கு அடுத்த மனு யார் எழுதவேண்டும். சனிக்கிழமைத் தேவார வகுப்புக்கு ஆசிரியர் உண்டா. பிள்ளைகள் பட்டணம் போய்விட, பழைய லயத்து வீட்டில் தனியே கிடக்கும் மூதாட்டிகளை வாரம் ஒருமுறை யார் சென்று பார்ப்பது. போக்கற்றவர் ஒருவர் இறந்தால் சுடுகாடு வரை யார் பொறுப்பு. மழைக்காலத்தில் மடைப்பள்ளிக்குள் வரும் நீருக்கு வடிகால் எப்போது வெட்டுவது. இவை எல்லாவற்றையும் சபையார் முன்னிலையில் வாசித்துவிட்டு, அதன்பிறகு பெயர்களைக் கேட்கட்டும். வாசித்து முடித்த பின்னும் இருவர் எழுந்து நின்றால், அந்த இருவருக்கும் அவர்களைச் சேர்ந்தவர்களுக்கும் போதிய வேலை அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.